பூண்டுக்குத் தோல் இருக்கிறது

என் மனைவி பேசும்போது வாக்கியம் நடுவில் அறுபடத் தொடங்கியது எப்போது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. எங்கள் வீட்டில் பேச்சு முழுவதும் அவளுடையது. எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. வீட்டிலும் பெரிதாக வராது. கேட்டே பழகியவன் என்பதால் அந்த மாற்றம் முதலில் என் காதுக்குத்தான் தட்டுப்பட்டது. "மேக்காட்டுக்குப் போயி கேரட்டுக்கு" என்பாள். நிறுத்தி ஒரு மூச்சை இழுப்பாள். "தண்ணி பாச்சிட்டு வாங்க" என்று முடிப்பாள். முன்பெல்லாம் இதையும், இதற்குப் பின்னால் வரும் நாலு வசவையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பாள்.

அதன் பிறகு அவள் என்ன சொல்கிறாள் என்பது என் மனதில் ஏறவில்லை. பேச்சில் எந்த இடத்தில் நிற்கிறாள் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். சோற்றில் கை வைத்தபடி கேட்பேன். காட்டில் நின்றுகொண்டு வீட்டுப் பக்கம் காது கொடுப்பேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் கொடைக்கானலுக்கு மேலே பூண்டி என்ற மலையூர்க்காரர்கள். மலைப்பூண்டும் கேரட்டும் விளைவிக்கிறோம். பூண்டைப் பறித்து வெயிலில் காயவைப்பதோடு எங்கள் ஊரில் வேலை முடியாது. மஞ்சு மூட்டம் மலையிலிருந்து இறங்கிவிட்டால் காய்ந்ததெல்லாம் திரும்ப நமத்துவிடும். அதனால் தாளோடு கட்டுக்கட்டாகக் கட்டிக் கொட்டகைக்குள் குறுக்குக் கழிகளில் தொங்கவிட்டு, தரையில் தீ வைத்துப் புகை போடுவோம். புகை ஏறிய பூண்டு அடுத்த விதைப்புவரை தாங்கும். எனக்கும் ஒட்டிய வீட்டில் இருக்கும் என் அண்ணனுக்கும் ஒரே கொட்டகை. விறகு சுமப்பதும் கழியில் ஏற்றுவதும் ஆண்கள் பாடு. தீ மூட்டிய பிறகு உள்ளே இருப்பது என் மனைவியும் அண்ணன் மனைவியான மதினியும். "ஆம்பள கை பட்டா தீ கெளம்பிரும்" என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. இந்தத் தீ எரியக் கூடாது. எரிந்தால் பூண்டு வெந்துவிடும். அணையவும் கூடாது. காய்ந்த கட்டைமேல் பச்சைக் கொப்பை வைத்து, கிளறி, தணித்து, குமுறிக்கொண்டே இருக்க வைக்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். அந்தப் பக்குவத்தில் என் மனைவியை மிஞ்ச ஊரில் ஆள் இல்லை என்று மதினியே சொல்வார். மதினி வாயால் நல்ல வார்த்தை வாங்குவது லேசான காரியம் இல்லை.

பூண்டு பறிக்கும் சமயம் நெருங்க நெருங்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அவள் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்து, பாதியில் மூச்சு முட்டி நிறுத்தினாள். அதுவே பதிலாகிவிட்டது. வெள்ளனே முதல் பஸ்ஸில் கொடைக்கானலுக்குக் கிளம்பினோம்.

சீசன் நேரம். பூம்பாறை தாண்டும்வரை பஸ் நன்றாகத்தான் போனது. டவுன் நெருங்கும்போது நின்றது. முன்னால் கார்களும் வேன்களும் வளைவுக்கு அந்தப் பக்கம்வரை நின்றன. ஒருவரும் இன்ஜினை அணைக்கவில்லை. வெயில் ஏற ஏற, முன்னால் நின்ற வேனின் புகை எங்கள் ஜன்னல் வழியாக நேரே உள்ளே வந்தது. அவள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். கொட்டகைப் புகையில் நாளெல்லாம் உட்காருகிறவள், இந்தப் புகைக்குக் கண் செருகினாள். நான் எழுந்து கண்டக்டரிடம் போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல் அவர் பக்கத்தில் நின்றேன்.

"என்னண்ணே?"

"எறங்கிக்கிறோம். ஆஸ்பத்திரிக்கு."

"நடந்தேவா? இந்த ஏத்தத்துல ஆஸ்பத்திரிவரைக்கும் நடந்துட்டா, அப்புறம் ஆஸ்பத்திரி எதுக்குண்ணே?"

பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரிக்கப் பார்த்து இருமினாள். நாங்கள் இறங்கினோம். வண்டிகளை ஒட்டி நடந்தால் மூச்சு வாங்கியது. மரங்களுக்குள் போன ஒற்றையடிப் பாதையில் ஏறியதும் கொஞ்சம் லேசானது. நான் முன்னால் போவேன், திரும்பி அவளிடம் வருவேன், மறுபடி முன்னால் போவேன். "ஏங்க, நாய்க்குட்டியாட்டம்... முன்னயும் பின்னயும்... ஓடாதீங்க" என்றாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். மதுரைப் பக்கமோ என்னவோ, சிரித்த முகம். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார். குழாயில் ஊதச் சொன்னார். பிறகு கேட்டார், "வீட்ல யாராவது ஸ்மோக் பண்றாங்களா?"

"சாமி சத்தியமா இல்ல டாக்டரம்மா. இவரு பீடியத் தொட்டா... கைய ஒடிச்சிருவேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். கொட்டகையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நான் தரையைப் பார்த்தேன்.

"சேலைல புகை வாசனை பலமா வருதேம்மா. வெறகு அடுப்பா?"

"அடுப்பு கேஸுதாங்க. இது பூண்டுக்குப் போடுற புகை."

அவ்வளவுதான், அவள் பேச்சுக்குக் கதவு திறந்துகொண்டது. தீயை எப்படிக் குமுற வைப்பது, எந்தக் கொப்பு எதற்கு ஆகும், பூண்டுத் தாள் எந்த நிறத்துக்கு வந்தால் போதும் என்று ஒன்று விடாமல் சொன்னாள். எத்தனையோ முறை நின்று நின்று சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். என்னைப் போலவே அவரும் சொல்லைக் கேட்கவில்லை, நிற்கும் இடத்தைத்தான் கேட்கிறார் என்று எனக்குப் பட்டது.

"நுரையீரல்ல காத்து வந்து தொடுற எடத்துல ரொம்ப மெல்லிசா ஒரு படலம் இருக்கும்மா" என்றார். "அதுல பெரும்பகுதி கொழுப்பு. எண்ணெய் தடவி வச்ச மாதிரி. அது இருக்கறதாலதான் உள்ள இருக்கற காத்துப்பை ஒட்டிக்காம விரியுது. அதுக்கு அடியில இருக்கற செல்லோட சுவர்லயும் கொழுப்புதான்."

"எனக்குள்ள எண்ணெயா? தலைக்கு வைக்கவே பத்த மாட்டேங்குது."

டாக்டர் சிரித்துவிட்டார். "சரி, கடலை எண்ணெயத் தெறந்து போட்டு வச்சா என்னாகும்?"

"காறிப்போகும்."

"அதேதான். காத்து பட்டுப் பட்டு எண்ணெய் காறுது. வண்டிப் புகையில இருக்கற சில வாயு, அந்தப் புகையும் வெயிலும் சேர்ந்து உண்டாகற ஓசோன், உங்க வெறகுப் புகை, இதெல்லாம் உள்ள இருக்கற கொழுப்பையும் அப்படித்தான் காற வைக்குது. ஒரு எடத்துல காறினா அது பக்கத்துல இருக்கறதையும் இழுத்துவிட்ரும். அப்படியே வரிசையாப் போகும். அங்க புண்ணாகும், வீங்கும், சளி கட்டும், மூச்சுக்குழல் சுருங்கும்."

"அப்ப எங்க ஊர்ல எல்லாரும்... போயில்ல சேந்திருக்கணும்?"

"காவல் இருக்கும்மா. விட்டமின் ஈ அந்தக் கொழுப்புக்குள்ளயே உக்காந்திருக்கும். காறல் வரிசையா வர்றப்ப, தன்னையே குடுத்து நடுவுல நிறுத்திடும். அது அப்படிக் கெட்டுக் கெடக்கறப்ப விட்டமின் சி வந்து அதைத் திரும்ப எழுப்பி விடும். இன்னும் சில காவலும் இருக்கு. கொய்யா, நெல்லிக்காய், கீரை, வேர்க்கடலை எல்லாம் சாப்பிடுங்க. ஆனா புகை ஓயாம வந்துட்டே இருந்தா, காவலுக்கு இருக்கறவங்க எத்தனை பேரை எழுப்ப முடியும்? மொதல்ல அந்தக் கொட்டகைக்குள்ள போறதை நிறுத்தணும். இன்ஹேலர் எழுதித் தர்றேன். அது சுருங்கின குழலை விரிக்கும். ஆனா புகையத் தடுக்காது."

அவள் தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். வெளியே வந்ததும் அவள் முதலில் கேட்டது, "இந்தச் சந்தையில நெல்லிக்கா கெடைக்குமா?"

டாக்டர் சொன்னதில் பாதி அவள் காதில் விழுந்திருந்தது. தனக்கு வேண்டிய பாதி.

வீட்டுக்கு வந்ததும் விஷயம் இன்னும் விரிந்தது. மதினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். "பழந்தின்னா உள்ள காவல் ஏறிக்கிருமாம்க்கா" என்றாள் இவள்.

"பின்ன? பூண்டு எத்தன நாளு புகைக்குள்ளயே தொங்குது, கெட்டா போச்சு? புகை பட்டாத்தான் கெடாது. வெறும் பூண்டு அழுகிப் போகுது, புகைப்பூண்டு கல்லாட்டம் கெடக்கு. நெஞ்சு மட்டும் கெட்டுப் போயிருமாக்கும்? பழத்தையும் தின்னுட்டு உள்ள உக்காந்தா ரெட்டக் காவலு."

எங்கள் ஊரைத் தவிர வேறு எங்கும் இப்படி ஒரு கணக்குப் போடமாட்டார்கள். சிறு வயதிலிருந்து புகையைக் காப்பாற்றும் பொருளாகவே பார்த்தவர்கள் நாங்கள். அழுகலைப் புகைதான் தடுத்தது. விதையைப் புகைதான் காத்தது. அது ஒருவரை உள்ளே இருந்து கெடுக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னால், அந்தச் சொல் எங்கள் ஊர் ஏற்றத்தில் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. உண்மையைச் சொன்னால், மதினியின் பேச்சைக் கேட்டபோது எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அப்படியே இருந்துவிட்டால் எவ்வளவு நல்லது என்று நினைத்தேன்.

பூண்டு பறித்தோம். கட்டினோம். பெண்கள் தீ மூட்டினார்கள். கொய்யா, நெல்லிக்காய், மரத்தக்காளி, தாட்பூட்பழம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தேன். வேலைக்குப் போகிறவன் தலைப்பாகை கட்டிக்கொள்வதுபோல, அவள் ஒரு கொய்யாவைக் கடித்துத் தின்றுவிட்டுக் கொட்டகைக்குள் நுழைவாள். நான் காட்டுக்குப் போவேன். பாதி வழியில் திரும்பி வருவேன். மண்வெட்டியை மறந்துவிட்டதாகச் சொல்வேன். "மம்பட்டி உங்க தோள்லதான... இருக்கு" என்று உள்ளிருந்து குரல் வரும். அறுபட்ட குரல். திரும்பிப் போவேன். அந்த நாட்களில் நான் ஒரு பாத்தியைக்கூட ஒழுங்காகக் களை எடுக்கவில்லை.

ஒருநாள் காலையில் மஞ்சு தரைவரை இறங்கிக் கிடந்தது. காற்று அசையவில்லை. கொட்டகையின் புகை மேலே ஏறாமல் கூரைக்கு அடியிலேயே திரண்டு, கதவு வழியாகத் தரையோடு வழிந்தது. நான் விறகுக் கட்டை இறக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் வெளியே வந்தாள். கல்மேல் உட்கார்ந்து இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டாள். தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. என்னைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை.

அவள் பேசாமல் என்னைப் பார்த்து நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்குள் ஓடினேன். இன்ஹேலரை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. நெல்லிக்காய்க் கூடைக்கு அடியில் கிடந்தது. வாயில் வைத்து அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். முதுகைத் தடவியபடி அவள் மூச்சு எங்கே போகிறது, எங்கே மாட்டுகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மாட்டிய இடத்தில் சீழ்க்கை அடிப்பதுபோல ஒரு சத்தம். மெல்ல மெல்லத் தோள் இறங்கியது.

"கொய்யா" என்றாள். நின்றாள். "தின்னுட்டுத்தான்" என்றாள். நின்றாள். "போனேன்."

அவளை வீட்டுக்குள் படுக்கவைத்துவிட்டு வந்தேன். மதினி காட்டில் இருந்தார். தீ கிளம்பிவிட்டால் ஒரு வருஷத்துப் பூண்டு முழுவதும் போய்விடும். நான் கொட்டகைக்குள் நுழைந்தேன். தீ இருக்கும்போது உள்ளே போனது அதுதான் முதல் தடவை.

ஒன்றும் தெரியவில்லை. கண் எரிந்தது, மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வந்தது. அவள் உட்காரும் பலகையைத் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தேன். கொப்பை எடுத்துத் தீயில் வைத்தேன். நெஞ்சுக்குள் சுருக் என்றது. ஆண் கைக்குத் தீ கிளம்பும் என்று சொல்வதன் காரணம் புரிந்தது: எந்த ஆணும் இங்கே இவ்வளவு நேரம் உட்காரமாட்டான், சீக்கிரம் முடிய வேண்டும் என்று ஊதிவிட்டு ஓடுவான். எனக்கும் ஓடத்தான் தோன்றியது. ஓடாமல் இருக்க, கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. தலைக்குமேல் தொங்கியதில் ஒரு பூண்டைப் பிய்த்து உரிக்க ஆரம்பித்தேன்.

மேல்தோல் பழுப்பேறிக் கரி பிடித்திருந்தது. விரல் கறுத்தது. அதற்கு அடுத்த தோல் வெளிர்மஞ்சள். அதற்கு அடுத்தது வெள்ளை. உள்ளே பல்லைச் சுற்றி இன்னும் ஒரு தோல், கண்ணாடித்தாள் போல. அதையும் உரித்தேன். பல் பால் வெள்ளையாக இருந்தது. இத்தனை நாள் புகையும் மேல்தோலோடு நின்றுவிட்டிருக்கிறது. தோலெல்லாம் காய்ந்து இறுகி, உள்ளே இருப்பதைக் காத்திருக்கிறது.

டாக்டர் சொன்ன படலம் ஞாபகத்துக்கு வந்தது. எண்ணெய் தடவியதுபோல மெல்லிசு. அதற்குமேல் கரி பிடிக்க ஒரு தோல் இல்லை. உரித்த பூண்டைப் புகையில் வைத்ததுபோலத்தான் அவள் நெஞ்சு வருஷம் வருஷமாக இங்கே தொங்கியிருக்கிறது. கொய்யாவும் நெல்லிக்காயும் உள்ளே போய்க் காறலைத் தடுக்க நின்றிருக்கும். ஆனால் வெளியே கதவு திறந்து கிடக்கிறது. காவல் எத்தனை முறைதான் விழுந்து எழுந்திருக்கும்?

உரித்த பல்லைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அண்ணனும் மதினியும் அப்போதுதான் காட்டிலிருந்து வந்தார்கள். நான் பேச வேண்டும். நடந்துகொண்டே வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் போனதும் எல்லாம் கலைந்துவிட்டது.

"அண்ணே. பூண்டுக்குத் தோல் இருக்கு."

"என்னலே?"

"தோலு இருக்கு. அதான் கெடல."

மதினி கூடையை இறக்கினார். "கொழுந்தனாரு இன்னிக்குத்தான் வாயத் தெறந்திருக்காரு. தெறந்ததும் பூண்டுக்குத் தோலு இருக்குங்கறாரு. நாளைக்கு மாட்டுக்குக் கொம்பு இருக்குன்னு சொல்லுவாரு. ஏன், மூஞ்சியெல்லாம் கரியா கெடக்கு?"

"உள்ள இருந்தேன் மதினி. அவளுக்கு மூச்சு நின்னு போச்சு. நமக்கு உள்ள தோலு கெடையாது. அவ இனிமே உள்ள போக மாட்டா." பல்லை நீட்டினேன். "நீங்களும் போகாதீங்க. நீங்க இருமறது செவுத்துக்கு இங்கிட்டு எங்களுக்குக் கேக்குது."

மதினி ஏதோ சொல்ல வாயெடுத்து, இருமல் வந்து, அதை அடக்கப் பார்த்தார். அடங்கவில்லை. அண்ணன் மதினியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அந்த இருமலை அதுவரை கேட்டதே இல்லையோ என்று எனக்குத் தோன்றியது. கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிருக்கலாம்.

"உள்ள ஆளு இல்லாட்டி தீயை யாரு பாக்குறது?" என்றார் அண்ணன்.

"தீய வெளிய வைப்போம்."

எனக்கே தெரியாமல் வந்துவிட்டது அது. ஆனால் சொன்ன பிறகு பின்வாங்க முடியவில்லை. கொட்டகைக்கு வெளியே, காற்று வீட்டுப் பக்கம் வராத கீழ்ச்சரிவில் ஒரு குழி. அதிலிருந்து கொட்டகைக்குள் ஒரு வாய்க்கால், மேலே கல் மூடி. அண்ணன் முதலில் தலையைச் சொறிந்தார். பிறகு மண்வெட்டியை எடுத்தது அவர்தான்.

இதற்கு அதிகம் கோபப்பட்டது என் மனைவிதான். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் குழியைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்தாள். "என் சோலியப் பிடுங்கி... குழியில போட்டீங்களா? இனி நான்... எதுக்கு?" ஒரு கொய்யாவை எடுத்து நீட்டினேன். அதைப் பிடுங்கிச் சரிவில் வீசினாள். பிறகு அவளே இறங்கிப் போய் எடுத்துவந்து, துடைத்துக் கடித்தாள்.

முதல் வாய்க்கால் சரிப்படவில்லை. பாதிப் புகை கல் இடுக்குகளிலேயே கசிந்தது. மண் பூசினோம். நீளம் போதாமல் சூடு உள்ளே அடித்தது. நீட்டினோம். கதவோரக் கட்டுகளுக்குப் புகை சரியாக ஏறவில்லை. கொஞ்சம் அழுகியும் போனது. "தோலு இருந்துமே அழுகிருச்சே கொழுந்தனாரே" என்று மதினி விடாமல் குத்தினார். குத்திக்கொண்டே தன் பங்குக்கு மண் குழைத்துக் கொடுத்தார்.

இப்போது தீயைப் பார்ப்பது நானும் அண்ணனும். என் மனைவி மேல்பாத்தி வரப்பில் நிற்கிறாள். புகை படாத இடம் என்று நான் காட்டிக்கொடுத்த இடம். காற்று திசை மாறினால் நான் ஓடிப்போய் அவளை நகர்த்துவேன். ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறோம். கெட்ட இடமெல்லாம் பழையபடி ஆகாது என்றும், இனிமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார். பழமும் கீரையும் நிற்கவில்லை. நெல்லிக்காய்க் கூடை அதே இடத்தில்தான் இருக்கிறது. இன்ஹேலர் மட்டும் என் சட்டைப் பையில் இருக்கிறது. அதை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

போன வாரம் நான் குழிக்குள் காய்ந்த கட்டையைத் திணித்துவிட்டேன். தீ குப்பென்று எழுந்தது. மேலேயிருந்து சத்தம் வந்தது.

"ஏங்க, கண்ணு எங்க கெடக்கு, தீ ஏறுது பாருங்க, பச்சக் கொப்ப வெரசா எடுத்து மேல போடுங்க, பூண்ட வேகவச்சுத் தின்னுறதுக்கா இம்புட்டுப் பாடுபட்டோம்!"

நான் கொப்பை எடுக்கவில்லை. பேச்சில் எங்கே நிற்கிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கேயும் நிற்கவில்லை. கடைசிவரை ஒரே மூச்சு. அதற்குப் பிறகுதான் இருமினாள், சின்னதாக. அது அடங்குகிறதா என்று காதைத் தீட்டி வைத்திருந்தபோது, அண்ணன் என் கையிலிருந்த கழியைப் பிடுங்கித் தீயைத் தணித்தார்.